பெருமாள் வேட்டைக்குப் போகிற வழி

வாங்க வினோதினி, உள்ளே வாங்க. செருப்பை வெளியிலேயே விட்டுவிடுங்க. காரை எடுக்கணும், அவ்வளவுதானே? அதற்கு ஏன் பரீட்சை எழுதப் போகிற பெண் மாதிரி நிற்கிறீர்கள். உங்கள் மனை, வேலியில் உங்கள் ஒரே வாசல், அதற்குக் குறுக்கே எங்கள் கார். எடுக்கச் சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. எடுத்துவிடலாம். சாவிதான் எங்கே என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுக்காரர் தேடிக்கொண்டிருக்கிறார். மின்வாரியத்திலிருந்து ரிட்டயர் ஆன நாளிலிருந்து அவர் முழுநேரமாகச் செய்கிற வேலை தேடுவதுதான்.

ஏங்க, கிடைச்சுதா?

"ஃபிரிட்ஜ் மேல இல்ல சுகந்தி."

பரண்ல பாருங்க.

கார் சாவி எப்படிப் பரணுக்குப் போகும் என்று பார்க்கிறீர்கள். இந்த வீட்டுக்குள் எது எப்படி வரும், எது எப்படிப் போகும் என்று தெரிந்தால் இந்தக் கேள்வி உங்களுக்கு வராது. உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், நடுவில் இருக்கிறது. இப்படிச் சுவரோரமாக. ஹால் காலியாக இருக்கிறதா? வெள்ளையடிக்கப் போகிறோம், அதனால் சோபாவையெல்லாம் படுக்கையறையில் தள்ளியாகிவிட்டது. ஆமாம், பொங்கலுக்கு மறுநாள்தான். எல்லோரும் பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிப்பார்கள். நான் எல்லோரும் இல்லை.

பதற வேண்டாம். கொட்டுச் சத்தம் இன்னும் பிள்ளையார் கோயில் பக்கம்தான் கேட்கிறது. அங்கே தேங்காய் உடைத்து, நாதஸ்வரக்காரர் டீ குடித்து, அவர் ஏப்பம் விட்ட பிறகுதான் நம் தெருவுக்குத் திரும்புவார்கள். அவர்கள் வழக்கமெல்லாம் எனக்கு அத்துப்படி. காபி எடுத்துக்கொள்ளுங்க.

இந்த வருஷம் பெருமாள் உங்கள் மனை வழியாகத்தான் போகப் போகிறார் என்று தர்மகர்த்தா சீதாபதி வந்து என்னிடம் சொன்னார். "இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்லம்மா" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? சந்தோஷம் என்றேன். அவர் தெரு முனை திரும்புகிற வரைக்கும் கேட்டில் நின்று சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களும் சரி என்று சொல்லிவிட்டீர்களாம். நல்லது. உங்கள் நிலம், உங்கள் இஷ்டம். ஆனால் எதற்குச் சரி சொன்னோம் என்று ஒரு பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா? எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை, உங்களுக்காவது நான் சொல்கிறேனே.

நகர் போட்ட புரோமோட்டர் எங்களுக்கு மனையைக் காட்டும்போது பார்க் வரும் என்றான். நீச்சல் குளம் வரும் என்றான். பெருமாள் வருவார் என்று சொல்லவில்லை. நம் மனைகளுக்குப் பின்னால் குளக்கரையில் நாலு கால் மண்டபம் ஒன்று நிற்கிறதே, ஆடு படுத்திருக்குமே, அதுதான் வேட்டை மண்டபம். வருஷத்தில் ஒரு நாள், கனுப் பொங்கலன்று, பெருமாள் குதிரை வாகனத்தில் வில்லும் அம்புமாக அங்கே போய்ப் பன்றி வேட்டை ஆட வேண்டும். பாரிவேட்டை என்று பெயர். பன்றி என்றால் பன்றி இல்லை, சாம்பல் பூசணிக்காய். அதற்குக் கண்ணும் கோரைப்பல்லும் வரைந்து கம்பத்தில் கட்டி வைப்பார்கள். பெருமாள் சார்பில் பட்டர் அம்பு விடுவார். காட்டையெல்லாம் மனை போட்டு விற்றாகிவிட்டது, நிஜப் பன்றிக்கு எங்கே போவார்கள்.

அந்தப் பழைய வழி பாதி எங்கள் மனையிலும் பாதி உங்கள் மனையிலும் ஓடியதாம். புரோமோட்டர் அதன் மேலேயே கல் நட்டு விற்றுவிட்டான். உங்கள் மனை அப்போது அண்ணன் தம்பி வழக்கில் இருந்தது. முள்வேலியும் சீமைக் கருவேலமுமாக ஒரு பூனைகூட நுழைய முடியாது. எங்களுக்கு இந்தப் பக்கம் ரைஸ் மில் சுவர். மிச்சம் இருந்தது என் வீடு.

நாங்கள் குடிவந்த வருஷம், கனுவன்று காலையில், நைட்டியும் தோளில் துண்டுமாகக் கதவைத் திறக்கிறேன். வாசலில் குதிரை நிற்கிறது. குதிரை மேல் பெருமாள். என் மூக்குக்கு நேராக அம்பு.

"கதவ நல்லாத் திறங்கம்மா. சாமி வேட்டைக்குப் போகணும்" என்றார் சீதாபதி.

"வீட்டுக்குள்ளயா?"

"வீட்டுக்குப் பின்னாடிம்மா. வீடு நடுவுல இருக்கு."

எப்படிச் சொன்னார் பாருங்க. ஏதோ பெருமாள் போகிற நேரம் பார்த்து வீடு எழுந்துவந்து குறுக்கே நின்றுகொண்ட மாதிரி. நான் விடவில்லை. "குளத்தைச் சுத்தி ரோடு இருக்கே, அதுல போகட்டும்" என்றேன். வேட்டைக்குப் போகிறவர் நேராகத்தான் போக வேண்டுமாம், சுற்றிப் போவது கோழைத்தனமாம். வரும்போது சுற்றி வரலாமாம். வருகிறார், பார்க்கத்தான் போகிறீர்கள், டிராக்டரில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு வருகிறார். "அப்ப வந்த வழியே திரும்பச் சொல்லுங்க" என்றேன். அதற்குத்தான் வரதன் பட்டர் முன்னால் வந்தார்.

"வேட்டைக்குப் பொறப்பட்ட பெருமாள் ஒரு அடி பின்னால வைக்கப்படாதும்மா. புறமுதுகு காட்டின மாதிரி ஆயிடும். ஊருக்கு ஆகாது."

"ரிவர்ஸே கிடையாதா?"

"குதிரைக்கு ஏதும்மா ரிவர்ஸ்?"

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க வினோதினி. முன்னால் மட்டும்தான். ஒரு வாசலுக்கு வந்து நின்றுவிட்டால் அங்கிருந்து முன்னால் போக எது திறந்திருக்கிறதோ அதில்தான் போக வேண்டும். இது நான் சொல்வதில்லை, ஆகமம் சொல்கிறது.

நான் படித்த கான்வென்டில் தினமும் காலையில் இங்கிலீஷில் ஜெபம் சொல்ல வைப்பார்கள். எங்களிடம் டிரெஸ்பாஸ் பண்ணுகிறவர்களை நாங்கள் மன்னிப்பது போல என்று ஒரு வரி வரும். சின்ன வயதிலேயே மன்னித்து மன்னித்து எனக்கு அந்த ஸ்டாக் தீர்ந்துவிட்டது. அதனால் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். ஆனால் எங்கள் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் ஏற்கெனவே சட்டையைக் கழற்றிவிட்டுக் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். கைகூப்பினால்கூடப் பரவாயில்லை. "சுகந்தி, கொஞ்சம் தள்ளிக்கோ, சாமிக்கு மறைக்குது" என்கிறார்.

பக்கவாட்டுச் சந்தில் போர் மோட்டார் இருக்கிறது, அதில் குதிரை போகாது. ஆனால் வீட்டுக்குள் போகும். எங்களுக்கு வாய்த்த வாஸ்துக்காரர் முன்வாசலும் பின்வாசலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தவர். அப்போதுதான் லக்ஷ்மி உள்ளே வருவாளாம். புருஷனையும் குதிரையையும் கூட்டிக்கொண்டு வருவாள் என்று அவர் சொல்லவில்லை. வாசல், ஹால், சமையலறை, பின்வாசல், கொல்லைக் கதவு. நூல் பிடித்த மாதிரி. அப்படியே போனார்கள். மேல்நிலை இடிக்கும் என்று தூக்குகிறவர்கள் முழங்காலில் நகர்ந்தார்கள். குடையை என் செருப்பு ஸ்டாண்டில் சாய்த்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்தினார். அவர் உத்தியோகத்தில் காட்டிய அதிகபட்சச் சுறுசுறுப்பு அதுதான் என்று நினைக்கிறேன். தீவட்டிக்காரன் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் போகும்போது நான் போட்ட சத்தத்தில் தவில்காரர் தாளம் தப்பினார். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. நல்ல சகுனம் என்று கூட்டம் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. உள்ளே கத்தரிக்காய் கொத்சு. நல்லவேளை, மறுநாளாக இருந்திருந்தால் குக்கரில் இருப்பதே வேறு.

ஏங்க, பரண்ல இருக்கா?

"இல்லம்மா. பழைய இட்லித் தட்டுதான் இருக்கு."

அப்ப மாடித் தண்ணி டேங்க்கிட்ட பாருங்க.

உங்கள் மாமியார் ஆரத்தித் தட்டோடு மனை வாசலில் நிற்கிறார்களா? பாவம், வெயிலில் எதற்கு. இங்கே வரச் சொல்லுங்க. ஆரத்தி எங்கே எடுத்தாலும் ஆரத்திதான். ஃபோன் போடுங்க, நான் காத்திருக்கிறேன். சரி, அவர்கள் பாட்டுக்கு நிற்கட்டும்.

அடுத்த வருஷம் நான் போலீஸில் புகார் கொடுத்தேன். சும்மா இருப்பேனா? தனியார் நிலம், சொந்தச் சமையலறை. ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல உயரம், மீசை, புல்லட் சத்தம். மறிப்பார் என்று பார்த்தால், தொப்பியைக் கழற்றி என் வாஷிங் மெஷின் மேல் வைத்துவிட்டு முன்தண்டுக்குத் தோள் கொடுத்தார். "புகார் என்ன ஆச்சு சார்?" என்று கேட்டேன். "விசாரிச்சுக்கிட்டுதாம்மா போறேன்" என்றார்.

அன்றைக்குத்தான் அந்த விபரீதம். நான் காலையில் சமையலறைத் தரையைத் துடைத்துவிட்டிருந்தேன். சுத்தமாக இருந்தால் தப்பா? பன்றியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்த ஆள் சிங்க் பக்கத்தில் வழுக்கி உட்கார்ந்தான். பன்றி சுக்குநூறு. விதையும் சதையுமாகச் சுவர் வரைக்கும். பின்வாசலில் பெருமாள் வில்லோடு நிற்கிறார். முன்னால் போனால் வேட்டையாடப் பன்றி இல்லை. பின்னால் போகக் கூடாது. கடைத்தெருவில் பொங்கலுக்குப் பூட்டின கடை ஒன்றும் திறக்கவில்லை. சீதாபதி தலையில் கை வைத்துக்கொண்டு என் கிரைண்டர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அத்தனை ஆம்பிளைகள் இருந்தார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மோர்க்குழம்புக்கு என்று நான் மேடைக்கு அடியில் ஒரு பூசணிக்காய் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். எதற்குக் கொடுத்தேன்? அவர்கள் என் சமையலறையை விட்டுப் போக வேண்டும், அதற்கு. வேறெதற்கு?

காய் கிடைத்தது, வரைய ஆள் இல்லை. வழக்கமாக வரைகிற பெயின்டர் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டான். பட்டர் கரித்துண்டை வைத்துக்கொண்டு ஒரு கண் போட்டார். முட்டை மாதிரி இருந்தது. எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது. எங்கள் சிஸ்டர் பெர்னடெட் டிராயிங் வகுப்பில் கோடு கோணலாக இருந்தால் தாளைக் கிழித்து எங்கள் கையிலேயே கொடுப்பார்கள். நான் அவர்களிடம் பரிசு வாங்கியவள். என் கண்மையையும் பொட்டுக் குங்குமத்தையும் எடுத்துவந்து உட்கார்ந்தேன். கண், இமை முடி, மூக்குத் துவாரம், இரண்டு பக்கமும் கோரைப்பல், கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு.

பட்டர் குனிந்து பார்த்தார். "என்னம்மா, சிரிக்கறது?"

"கொல்லப் போறீங்கன்னு அதுக்கு எப்படி சாமி தெரியும்?"

அப்புறம் நடந்ததை ஊரே சொல்லும். மற்ற வருஷங்களில் பட்டர் விடுகிற அம்பு குளத்தில் விழும், ஆட்டு மேல் விழும், ஒரு தரம் நாதஸ்வரத்துக்குள்ளேயே போனதாம். என் பன்றிக்கு முதல் அம்பே நெற்றியில் நட்டது. கூட்டம் கோவிந்தா போட்டது பாருங்க, ரைஸ் மில் புறாவெல்லாம் பறந்துவிட்டது. பன்றி ராசியான பன்றி என்று ஆகிவிட்டது. அதிலிருந்து பன்றி நம் வீட்டு உபயம். நான் கேட்கவில்லை. என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. போன வருஷம் மாடுலர் கிச்சன் போட ஆள் வந்தான். "மேடம், ஃபிரிட்ஜுக்கு எவ்வளவு இடம் விடணும்?" என்று டேப்பை எடுத்தான். "ஃபிரிட்ஜை அப்புறம் பாரு, முதல்ல குதிரைக்கு விடு" என்றேன். அவன் எங்கள் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு என் உடம்புக்கு என்ன என்று விசாரித்திருக்கிறான். வாசல் நிலைகளை உயர்த்திக் கட்டினோம், இனிமேல் யாரும் முழங்காலில் நகர வேண்டாம். தரைக்கு வழுக்காத டைல்ஸ். கொல்லையில் பூசணிக்கொடி, உருண்டையாகக் காய்க்கிற ஜாதி, விதையைத் தேடி அலைந்து வாங்கினேன். எல்லாம் தொந்தரவு. சுத்தத் தொந்தரவு.

இவ்வளவும் செய்தவள் நான். வேட்டை முடிந்ததும் மண்டபத்தில் பரிவட்டம் கட்டி மாலை போட்டு மரியாதை செய்வார்கள். யாருக்கு? அதோ மாடியில் தண்ணீர் டேங்குக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருக்கிறாரே, அவருக்கு. மாப்பிள்ளை மாதிரி நிற்பார். எனக்கு ஒரு வாழைப்பழமும் மஞ்சள் கிழங்கும். பட்டரிடம் கேட்டேன், "பன்னி யாரு வரைஞ்சது, மரியாதை யாருக்கு?" என்று. "பெண்களுக்குக் கட்டற வழக்கமில்லியேம்மா" என்றார். "அப்ப பன்னிக்காவது கட்டுங்க, அது என் கையால வரைஞ்சது" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஒரு வருஷமாக யோசிக்கிறார். எனக்கு அதெல்லாம் வேண்டவும் வேண்டாம். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே என்றுதான் கேட்டேன்.

நியாயம் என்றால் இன்னொன்றும் கேட்டேன். வருஷம் தவறாமல் நடந்த பாதையை மாற்றலாமா என்று. "அதுக்கென்னம்மா, காலி மனை இருக்கறச்சே எதுக்கு சமையல்கட்டுல போகணும்? பெருமாளுக்கும் சௌகரியம்" என்கிறார். பெருமாள் அவரிடம் சொன்னாரா? மழையில் உங்கள் மனை எப்படிச் சேறாகும் என்று பெருமாளுக்குத் தெரியுமா? போன வாரம் புல்டோசர் விட்டுக் கருவேலத்தைப் பிடுங்கினீர்களே, முள் அத்தனையும் மண்ணுக்குள் கிடக்கிறது. தூக்குகிறவர்கள் வெறுங்காலோடு வருகிறவர்கள். ஒருத்தன் காலில் ஏறினால்? குதிரை சாய்ந்தால்? உங்கள் பெயர்தான் கெடும். வீடு கட்ட வந்த பெண், சின்ன வயசு, எதற்கு உங்களுக்கு? உங்களுக்காகத்தான் சொல்கிறேன்.

சத்தம் கிட்டத்தில் வந்துவிட்டதா? டீ இன்றைக்குச் சீக்கிரம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. இருங்க, எழுந்திருக்க வேண்டாம். நீங்கள் போய்க் காரைத் தள்ள முடியுமா? கியரில் நிற்கிறது, கண்ணாடி ஏற்றிப் பூட்டியிருக்கிறது. அவர் நேற்று ராத்திரி அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். ஏன் அங்கே என்று கேட்டால் நிழல் என்கிறார். ராத்திரியில் நிழல். நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்று சொன்னாரா? சொல்வார்.

சமையலறைக் கதவா? ஈரத்தில் உப்பிவிட்டது, தச்சர் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். பின்கதவையும் அவரே கழற்றினார், கையோடு இருக்கட்டும் என்று. கோலமா? ஹாலில் கோலம் போட்டால் என்ன, கனு இல்லையா. நீளமாகத்தான் இருக்கிறது, வாசலிலிருந்து கொல்லை வரைக்கும். எனக்குக் கை நீளும்.

அது பூசணிக்காய். துணி போட்டு மூடியிருக்கிறது, தூசி விழக் கூடாதே. சமையலுக்குத்தான். கண் தெரிகிறதா? கண் வரைந்திருக்கிறேனா? பழக்க தோஷம். இமை இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது, இல்லையா? மஸ்காரா. பெண் அமெரிக்காவிலிருந்து அனுப்பியது.

வந்துவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பாருங்க, குடை தெரிகிறது. உங்கள் வாசலில்தான் நிற்கிறார்கள். சீதாபதி காரைச் சுற்றி வருகிறார். சுற்றட்டும். டயரை உதைக்கிறார். பட்டர் இந்தப் பக்கம் பார்க்கிறார். பார்க்கட்டும், கதவு திறந்துதான் இருக்கிறது.

"சுகந்திம்மா, காரை எடுக்கச் சொல்லுங்கோ. பெருமாள் நிக்கறார்."

சாவி காணோம் சாமி. காலையிலேருந்து தேடறோம். இந்தப் பொண்ணைக் கேளுங்க. கொஞ்சம் பின்னாடி போய் நின்னீங்கன்னா... ஓ, முடியாதில்ல. மறந்தே போச்சு.

பாருங்க வினோதினி, எவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள். அதோ, தண்டு திரும்புகிறது. குதிரை முகம் இந்தப் பக்கம் வந்தாகிவிட்டது. எனக்கு என்று எழுதியிருக்கிறது, வேறென்ன சொல்வது. எழுந்திருங்க, அந்த நாற்காலியைச் சுவரோரம் தள்ளுங்க. காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்க, தவில்காரர் காலை வைப்பார். ஏங்க, கீழே வாங்க, ஃபேனை நிறுத்துங்க. சட்டையை அப்புறம் கழற்றலாம், முதல்ல ஃபேன்.

நீங்கள் ஏன் அழுகிற மாதிரி நிற்கிறீர்கள்? உங்கள் மாமியாரை ஆரத்தியோடு என் நிலைப்படிக்கு வரச் சொல்லுங்க, முதல் ஆரத்தி அவர்களுடையதாகவே இருக்கட்டும். எனக்கு ஒன்றும் பெரிதில்லை. நீங்களும் சும்மா நிற்க வேண்டாம். இந்தாங்க, பன்றியைப் பிடியுங்க. இரண்டு கையாலும். கன்னத்தில் விரல் படாமல்.

என் இடுப்பில் என்ன துருத்திக்கொண்டிருக்கிறது என்று பார்க்கிறீர்களா? அது கொத்துச்சாவி, பீரோ சாவியெல்லாம் அதில்தான் இருக்கும். கார் சாவியா?

கிடைத்துவிடும். பெருமாள் பின்வாசலைத் தாண்டட்டும்.